ஒற்றைக் கண் வீக்கமும் தவக்குலும்

மார்க்கத் தீர்ப்பை நாடி ஆலிம்களிடம் கொண்டுவரப்படும் வினாக்களுள் சில, தோற்றத்தில் ஃபிக்ஹ் சார்ந்தவையாயினும், முறைப்படி முதலில் மருத்துவரின் வாயிலை அடைய வேண்டியவை. "ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் வீங்கியிருக்கிறது, உள்ளிருந்து அழுத்துவது போல் இருக்கிறது, ஒன்றரை மாதமாகியும் வற்றவில்லை, கண்ணேறு பட்டிருக்கலாம் என்கிறார்கள், எதை ஓதிப் பார்க்கலாம்?" என்பது அத்தகையதொரு வினா. மதரஸாக்களில் பாடம் நடத்துவோர் பலரும் இதனை ஏதேனும் ஒரு வடிவில் எதிர்கொண்டிருப்பர். கேட்பவர் கண்ணேற்றையே வினாவின் உயிராகக் கொள்கிறார். ஆனால் அவர் இடையே சொல்லிச் சென்ற மூன்று குறிப்புகளில்தான் செய்தி முழுவதும் அடங்கியிருக்கிறது: ஒரு கண் மட்டும், அழுத்தம், வற்றாமை. இம்மூன்றும் ஒருங்கே அமையுமாயின், அதனை மருத்துவரிடம் காட்டுவது அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததா, அன்றி மார்க்கக் கடமையின் எல்லைக்குள் வருவதா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

ஒரு பொருளைச் சரியாக மனத்தில் உருவகித்துக் கொள்ளாமல் அதன்மீது சட்டம் சொல்லலாகாது என்பது உஸூல் அறிஞர்கள் வகுத்த விதி. எனவே, சட்டத்திற்கு முன் கண்ணின் இருப்பிடத்தைச் சற்று நோக்குவோம்.

கண் குழி என்பது ஏழு எலும்புகள் கூடி அமைத்த, கூம்பு வடிவான ஒரு பேழை. அது முன்புறம் மட்டுமே அகலத் திறந்திருக்கிறது. வளர்ந்த மனிதரிடத்தில் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லி லிட்டர். அதில் விழிக்கோளம் எடுத்துக்கொள்ளும் இடம் 7 மில்லி லிட்டர் அளவே. எஞ்சிய இடத்தில் விழியை அசைக்கும் தசைகளும், பார்வை நரம்பும், இரத்தக் குழாய்களும், கண்ணீர்ச் சுரப்பியும், இவை அனைத்தையும் தாங்கும் கொழுப்பும் நெருங்கி அமைந்துள்ளன. எலும்புச் சுவர் விரிந்து கொடுப்பதன்று. ஆகவே உள்ளே சீழோ, நீரோ, இரத்தமோ, கட்டியோ சிறிதளவு மிகுதியாகச் சேர்ந்தாலும் விழிக்கோளம் முன்னோக்கித் தள்ளப்படும். அதற்கும் இடமில்லையெனில் பார்வை நரம்பு நசுங்கும். இவ்விரண்டும் சேர்ந்து நிகழ்வதும் உண்டு. நோயாளி "அழுத்துகிறது" என்று சொல்வது பெரும்பாலும் இதனையே.

பேழையின் அண்டை வீடுகளும் கருதத்தக்கவை. மேலே நெற்றிக் காற்றறை, கீழே கன்னக் காற்றறை, மூக்கை ஒட்டிய பக்கத்தில் சல்லடை எலும்பின் காற்றறைகள் எனச் சைனஸ் அறைகள் மூன்று பக்கமும் சூழ்ந்துள்ளன. மூக்குப் பக்கத்துச் சுவர் காகிதம் போல் மெல்லியது. உடற்கூற்றியலார் அதற்குக் காகிதத் தகடு என்றே பெயரிட்டனர். மூக்கடைப்பாகவும் தலைபாரமாகவும் தொடங்கிய சளித் தொற்று, சில நாட்களில் கண் வீக்கமாக மாறுவதன் காரணம் இச்சுவரின் மென்மையே. பேழையின் பின்புறமோ மூளைக்கு மிக அண்மையில் இருக்கிறது.

இரு கண்களும் காலையில் சேர்ந்து வீங்கியிருந்தால் மருத்துவர் சிறுநீரகத்தையும், ஒவ்வாமையையும், உடல் முழுவதற்குமான வேறு காரணங்களையும் எண்ணிப் பார்ப்பார். ஒரு கண் மட்டும் வீங்கியிருந்தாலோ, காரணம் பெரும்பாலும் அந்தக் குழிக்குள்ளோ அதன் அண்டையிலோதான் இருக்கிறது. "மற்றொரு கண் நன்றாகத்தானே இருக்கிறது" என்பதை ஆறுதலாகச் சொல்வது வழக்கம். மருத்துவத்தில் அது ஆறுதலன்று, தேடலின் தொடக்கம்.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர்களான கண் மருத்துவர்கள் நன்கறிந்திருந்தனர். அரபியில் கண் மருத்துவருக்கு 'கஹ்ஹால்' என்று பெயர். கண்ணுக்கு இடும் 'குஹ்ல்' என்ற சுருமாவிலிருந்து பிறந்த சொல் அது. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (இறப்பு 873) கண்ணைப் பற்றிப் பத்து இயல்கள் கொண்ட நூலை யாத்தார். அதனை மாக்ஸ் மேயர்ஹோஃப் 1928-இல் கெய்ரோவிலிருந்து ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். ஹுனைனுக்குப் பின் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா, 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' என்ற நூலில் நூற்று முப்பது கண் நோய்களை விவரித்தார். அந்நூலின் பகுப்பே நம் பொருளுக்கு வழிகாட்டுகிறது. முதற்பகுதி கண்ணின் அமைப்பைக் கூறுவது. இரண்டாம் பகுதி புலன்களுக்குத் தென்படும் நோய்களைப் பற்றியது. மூன்றாம் பகுதி புலன்களுக்குத் தென்படாமல் மறைந்திருக்கும் நோய்களைப் பற்றியது. இமைமேல் வரும் கண்கட்டியும், குழிக்குள் வளரும் கட்டியும் வெளியே ஒரே மாதிரியான வீக்கமாகத் தோன்றக்கூடும். ஒன்று இரண்டாம் பகுதிக்குரியது, மற்றொன்று மூன்றாம் பகுதிக்குரியது. எப்பகுதி என்பதை வீட்டிலிருந்தே முடிவு செய்ய முற்படுவதில்தான் இடர் தொடங்குகிறது.

விழி முன்தள்ளி நிற்பதை அரபு மருத்துவர்கள் 'ஜுஹூழ்' என்றனர். இப்னு ஸீனா (இறப்பு 1037) தமது 'கானூன்' நூலில் இதற்கெனத் தனிப் பிரிவு அமைத்து, விழிக்கோளமே பருத்தல், பின்னிருந்து நெருக்கப்பட்டு வெளியே தள்ளப்படுதல், அதனைப் பிடித்திருக்கும் கட்டுகள் தளர்தல் என மூன்று வழிகளை வகுத்தார். அவர் கூறிய மருந்துகளுள் பல இன்று வழக்கிழந்தன. அந்தப் பகுப்பு இழக்கவில்லை. 'பின்னிருந்து தள்ளுவது எது?' என்பதையே இன்றும் மருத்துவர் முதலில் வினவுகிறார். ஸய்யித் இஸ்மாயீல் ஜுர்ஜானீ தாம் பாரசீகத்தில் எழுதிய 'ஸகீரயே குவாரஸ்ம்ஷாஹீ'யில் தொண்டைக் கழலையையும் விழி முன்தள்ளலையும் இணைத்துக் கூறியதை மருத்துவ வரலாற்றாசிரியர்கள் சுட்டுவர். ஐரோப்பாவில் கிரேவ்ஸ் 1835-இலும் பாஸெடோ 1840-இலும் விவரித்த நோயின் கூறுகளே அவை.

இன்றைய மருத்துவமும் வளர்ந்தோரின் விழி முன்தள்ளலுக்கு, அது ஒரு கண்ணில் தோன்றினும் இரு கண்களில் தோன்றினும், முதன்மையான காரணமாகத் தைராய்டு சார்ந்த கண் நோயையே குறிப்பிடுகிறது. உடலின் காப்பாற்றல் தன் திசுக்களையே பகையாகக் கருதித் தாக்குவதால் கண் தசைகளும் கொழுப்பும் வீங்குகின்றன. மேலிமை உயர்ந்து கண் விரித்துப் பார்ப்பது போன்ற தோற்றம் ஏற்படும்; காலையில் வீக்கம் மிகும்; சில வேளைகளில் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். இரத்தத்தில் தைராய்டு அளவு சரியாக இருக்கும் நிலையிலும் இந்நோய் வருவதுண்டு என்பதால், ஒரு பரிசோதனை முடிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அமைதியடைந்துவிடக் கூடாது. புகை பிடித்தல் இந்நோயைக் கடுமையாக்கும். பீடியும் சிகரெட்டும் ஹராமா மக்ரூஹா என்ற விவாதத்தில் நேரம் செலவிடுவோர் இச்செய்தியையும் தம் ஆதாரங்களோடு சேர்த்துக்கொள்ளலாம்.

மெதுவாக வளர்பவை வேறு சில. சைனஸ் அறையின் வாயில் அடைபட்டுச் சளி தேங்கிப் பையாகப் பெருகி விழியைத் தள்ளுவது ஒன்று. இரத்தக் குழாய்த் திரள் எனப்படும், புற்றல்லாத கட்டி மற்றொன்று. கண்ணீர்ச் சுரப்பியில் தோன்றும் கட்டிகள், நிணநீர்ப் புற்று, காரணம் புலப்படாத அழற்சி ஆகியவையும் உள. விழி எத்திசையில் விலகியிருக்கிறதோ அதற்கு எதிர்த்திசையில் தள்ளும் பொருள் இருக்கிறது என்பது மருத்துவர்களின் எளிய கணக்கு. கண்ணீர்ச் சுரப்பி மேற்புற வெளி மூலையில் இருப்பதால், அங்கே கட்டி தோன்றினால் விழி கீழ்நோக்கி மூக்குப் பக்கமாகச் சாயும். தலையில் அடிபட்ட சில நாட்களுக்குப் பின் கண் சிவந்து, முன்தள்ளி, நாடியோடு சேர்ந்து துடிக்குமாயின் அது கண்ணுக்குப் பின்னுள்ள இரத்தக் குழாய்களின் கோளாறாக இருக்கக்கூடும்.

விரைந்து அழிப்பவை இன்னும் அஞ்சத்தக்கவை. காய்ச்சலோடு ஒரு கண் சிவந்து வீங்கி, விழியை அசைத்தால் வலித்து, அசைவு குறைந்து, பார்வை மங்குமாயின், தொற்று இமையைக் கடந்து குழிக்குள் புகுந்துவிட்டது என்று பொருள். குழந்தைகளுக்கு இது மிகுதி. சிகிச்சை தாமதமானால் பார்வை போவதோடு, தொற்று மூளையுறைக்கும் மூளையின் இரத்தக் குழாய்களுக்கும் பரவி உயிருக்கே கேடாகும். அவ்வாறே, நீரிழிவு கட்டுப்படாதவருக்கு ஒரு பக்க மூக்கடைப்பு, கன்னத்தில் வலி அல்லது மரத்துப் போதல், மூக்கிலிருந்து கறுத்த கசிவு, அதே பக்கத்துக் கண்ணில் வீக்கம் என்று வருமாயின் கருப்புப் பூஞ்சையை ஐயுற வேண்டும். 2021-ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையை ஒட்டி நம் நாட்டில் 40,000-க்கும் மேற்பட்டோரை அந்நோய் பீடித்தது. உயிர் காக்க விழியையே அகற்ற நேர்ந்தவர் பலர். அங்கே கணக்கு நாட்களில் அன்று, மணிகளில்.

சிறு குழந்தையின் ஒரு கண் சில நாட்களிலோ வாரங்களிலோ வேகமாக முன்தள்ளினால், விளையாடும்போது அடிபட்டிருக்கும் என்று நாமே காரணம் கற்பித்துக்கொள்வது பெரும் பிழையாகிவிடும். தசையில் தோன்றும் ஒருவகைப் புற்று அவ்வாறுதான் தொடங்குகிறது. கருவிழியின் நடுவே வெண்மை தோன்றுவது, குறிப்பாகப் புகைப்படங்களில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக ஒளிர்வது, விழித்திரைப் புற்றின் அடையாளமாக இருக்கலாம். அந்நோயில் வீக்கம் வருவது பெரும்பாலும் முற்றிய பின்னரே.

இவற்றை அடுக்கியது அச்சுறுத்துவதற்காக அன்று. ஒற்றைக் கண் வீக்கங்களுள் மிகப்பல கண்கட்டி, பூச்சிக்கடி, கண்ணீர்ப் பையின் அடைப்பு போன்ற எளியவையே. எளியது எது, கொடியது எது என்று பார்த்தவுடன் பிரித்தறிய இயலாமையே இங்குள்ள சிக்கல். வீட்டில் செய்யத்தக்கது ஓரளவு உண்டு. நோயாளியை அமரச் செய்து, பின்னால் நின்று, அவர் தலைக்கு மேலிருந்து புருவத்தின் வழியே கீழ்நோக்கிப் பார்த்தால் எந்த விழி முன்தள்ளியிருக்கிறது என்பது புலப்படும். திருமணத்தின்போதோ, கடவுச்சீட்டுக்காகவோ எடுத்த பழைய புகைப்படத்தை ஒப்பிட்டால் மாற்றம் எப்போது தொடங்கியது என்பது தெரியும். ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு ஒரே சிவப்புப் பொருளைப் பார்க்க வேண்டும்; ஒரு கண்ணில் அச்சிவப்பு வெளிறித் தோன்றினால் பார்வை நரம்பு நெருக்கப்படுகிறது என்று ஐயுறலாம். பார்வைக் குறைவு, இரட்டைத் தோற்றம், விழி அசைவில் வலி, காய்ச்சல், வாந்தியுடன் கூடிய கடும் தலைவலி, விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒன்றும் இல்லாவிடினும், இரண்டு மூன்று வாரங்களில் வற்றாத வீக்கம் கண் மருத்துவரின் பார்வைக்குச் செல்லாமல் இருத்தல் கூடாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தைப் பற்றி ஒரு சொல். அவற்றுள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. விட்ட மறுநாளே சிவப்பும் வீக்கமும் தணியும், வாங்கியவர் மகிழ்வார். நீண்ட நாள் பயன்படுத்தினால் அதுவே கண் அழுத்தத்தை உயர்த்தும், கண்புரையை வருவிக்கும், பூஞ்சைத் தொற்றை வளர்த்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ, சில புற்றுகளைத் தற்காலிகமாகச் சுருங்கச் செய்து, பின்னர்த் திசுவெடுத்துச் சோதித்தாலும் நோய் பிடிபடாதபடி ஆக்கிவிடும். தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சுவதும், நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிவதும் நம் ஊர்களில் இன்றும் நடக்கின்றன. அவை குழிக்குள் இருக்கும் காரணத்தைத் தொடுவதில்லை. தொற்றை வேண்டுமானால் கொண்டுவரும்.

இனி, மக்களைத் தடுத்து நிறுத்தும் எண்ணங்களுக்கு வருவோம். கண்ணேறு உண்மை என்பது ஸஹீஹான ஹதீஸ்களால் நிலைபெற்றது. அதனை மறுப்பது நம் நோக்கமன்று. உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒரு சிறுமியின் முகத்தில் நிறமாற்றத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், கண்ணேறு பட்டிருப்பதாகக் கூறி ஓதிப் பார்க்கச் சொன்னதை புகாரீ பதிவு செய்துள்ளார். கைபர் போரின்போது கண்வலியால் துன்புற்ற அலீ (ரலி) அவர்களின் கண்களில் நபியவர்கள் உமிழ்நீரை இட்டதும், உடனே குணமானதும் அறிந்ததே. அது முஃஜிஸா என்ற வகையைச் சார்ந்தது. ஆனால், கண்ணேறு உண்டு என்பது வேறு. இந்தக் குறிப்பிட்ட வீக்கம் கண்ணேற்றால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்வது வேறு. முன்னதற்கு வஹ்யின் ஆதாரம் உண்டு. பின்னதற்கு நபியவர்களுக்குப் பின் வந்த நம்மில் எவரிடமும் ஆதாரம் இல்லை.

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு செய்தி நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஸைனப் (ரலி) அவர்களுக்குக் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. யூதர் ஒருவரிடம் சென்று மந்திரித்துக் கொண்டால் அது அடங்கியதாம். அதையே அவர் தம் கணவரிடம் வாதமாக வைத்தார். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ, அந்தத் தணிவு ஷைத்தானின் விளையாட்டே என்று கூறி, நபியவர்கள் கற்றுத்தந்த நலம் வேண்டும் துஆவை ஓதுமாறு அறிவுறுத்தினார்கள். மந்திரித்தபின் சிறிது தணிந்தது என்பதையே அந்த மந்திரிப்புக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்ற நுட்பம் இதில் பொதிந்திருக்கிறது. தைராய்டு சார்ந்த வீக்கமும் அழற்சியும் இயல்பாகவே கூடிக் குறையும் தன்மையுடையவை. குறையும் வாரத்தில் கட்டிய தாயத்துக்குப் புகழ் சேர்கிறது. கூடும் வாரத்தில் வேறொருவரிடம் செல்கிறார்கள்.

அடுத்த தடை தவக்குல் என்ற பெயரில் வருகிறது. மருந்தை நாடாமல் இறைவனிடம் ஒப்படைத்துவிடுவதே உயர்ந்த நிலை என்று சிலர் சொல்வர். இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களிடமிருந்து மருத்துவத்தை விடுவது சிறந்தது என்ற கருத்து அறிவிக்கப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபினர் மருத்துவம் செய்துகொள்வதை முஸ்தஹப் என்றனர். கிராமத்து அரபிகள் வந்து கேட்டபோது, முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்துண்டு என்ற கருத்தில் நபியவர்கள் விடையளித்து மருத்துவத்தை நாடச் சொன்னது அவர்களின் ஆதாரங்களுள் ஒன்று. ஆனால் இந்த வேறுபாடு எந்த வகை மருத்துவத்தைப் பற்றியது என்று பிரித்துக் காட்டியவர் இமாம் கஸ்ஸாலீ (இறப்பு 1111).

'இஹ்யா'வில் தவக்குலைப் பற்றிய பகுதியில் அவர், தீங்கை நீக்கும் வழிகளை மூன்றாகப் பிரிக்கிறார். தாகத்திற்குத் தண்ணீர், பசிக்கு ரொட்டி போன்று பயன் உறுதியானவை முதல் வகை. குருதி வாங்குதல், பேதி மருந்து போன்று பயன் தரும் என்று மேலோங்கிய எண்ணம் கொள்ளத்தக்கவை இரண்டாம் வகை. சூடிடுதல், ஓதிப் பார்த்தல் போன்று பயன் ஐயத்திற்குரியவை மூன்றாம் வகை. முதல் வகையை விடுவது தவக்குல் அன்று. உயிருக்கு அஞ்சும் நிலையில் அது ஹராம். இரண்டாம் வகையைக் கைக்கொள்வது தவக்குலுக்கு முரணன்று, விடுவதும் தடையன்று. மூன்றாம் வகையை விடுவதே தவக்குலுக்கு உரியது. இமாம் அவர்களின் அளவுகோலை நம் மக்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஓதிய நீரை உறுதியானதாகவும், மருத்துவமனையை ஐயத்திற்குரியதாகவும் கொண்டு, முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதை விடுவதற்குத் தவக்குல் என்று பெயரிடுகிறார்கள். இமாம் அவர்களோ அதற்கு நேர்மாறாக வைத்தார்.

இங்கே மற்றொன்றும் கருதத்தக்கது. ஒரு சிகிச்சை எவ்வகையில் அடங்கும் என்பது காலத்தோடு மாறக்கூடியது. அறிவு வளர்ந்தால் இரண்டாம் வகையில் இருந்தது முதல் வகைக்கு நெருங்கும். கண் குழிக்குள் சீழ் பிடித்தவருக்கு பதினோராம் நூற்றாண்டில் கிடைத்த மருத்துவம் இரண்டாம் வகையாகவே இருந்திருக்கும். இன்று நரம்பு வழியே செலுத்தப்படும் நுண்ணுயிர்க் கொல்லி மருந்தும், தேவையெனில் சீழை வடித்தெடுக்கும் அறுவை சிகிச்சையும் உரிய நேரத்தில் கிடைத்தால், பெரும்பாலோர் பார்வையோடு வீடு திரும்புகின்றனர். தாகத்திற்குத் தண்ணீர் போன்றது என்று சொல்ல இது ஏறத்தாழப் போதுமானது. மெதுவாக வளரும் சில கட்டிகளிலோ, சிகிச்சையின் பயன் இன்னும் இரண்டாம் வகையிலேயே இருக்கலாம். அங்கே ஒருவர் மருத்துவரோடு கலந்து, செய்துகொள்ளாமல் இருக்கவும் முடிவெடுக்கலாம். ஆனால், தம்முடைய வீக்கம் எவ்வகை என்பதை அறியாதவர், விடுவதற்கு உரிமையுள்ளதைத்தான் விடுகிறோம் என்று எப்படிச் சொல்ல முடியும்? எனவே சிகிச்சையில் கருத்து வேறுபாடு இருப்பினும், பரிசோதனை செய்து அறிவதில் அவ்வேறுபாட்டிற்கு இடமில்லை என்பதே இச்சிறியோனின் துணிபு. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் கீழ் இயங்கிய சர்வதேச ஃபிக்ஹ் அகாதமி, 1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய ஏழாம் அமர்வில் இதனைத் தெளிவாக்கியது. சிகிச்சையை விடுவதால் உயிரோ, உடலுறுப்புகளுள் ஒன்றோ அழியும், அல்லது செயலிழப்பு நேரும், அல்லது நோய் பிறருக்குப் பரவும் என்ற நிலையில் சிகிச்சை வாஜிப் என்று அது தீர்மானித்தது. உறுப்பு என்ற சொல்லில் கண் அடங்காது என்பார் எவரும் இலர்.

இரு கண்களையும் இழந்து பொறுமை காப்பவருக்குச் சுவனம் உண்டு என்ற நபிமொழியையும் சிலர் இங்கே கொண்டுவருகின்றனர். அது இழப்பு நேர்ந்தபின் வழங்கப்பட்ட நற்செய்தி. இழப்பைத் தேடிக்கொள்வதற்கான அனுமதி அதில் இல்லை. கண்வலியைச் சிறிய நோயாகக் கருதுவதற்கும் இடமில்லை. கண்வலி, கொப்புளம், பல்வலி ஆகிய மூன்றுக்கும் நலம் விசாரிக்கச் செல்ல வேண்டியதில்லை என்றொரு கூற்று வழங்குகிறது. அது நபிமொழியன்று, யஹ்யா இப்னு அபீ கஸீரின் கூற்றே என்று இமாம் பைஹகீ ஆய்ந்து கூறினார். ஸைத் இப்னு அர்கம் (ரலி) அவர்களுக்குக் கண்வலி வந்தபோது நபியவர்கள் நேரில் சென்று நலம் விசாரித்ததாகவே அபூதாவூதின் அறிவிப்பு அமைந்துள்ளது.

யாரிடம் செல்வது என்பதிலும் நம் மரபு கண்டிப்பானது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் விளைவுக்குப் பொறுப்பாவார் என்பது ஹதீஸின் கருத்து. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூல், கஹ்ஹால்களை முஹ்தஸிப் என்னும் சந்தை அதிகாரி ஹுனைனின் பத்து இயல்களில் தேர்வு நடத்திச் சோதிக்க வேண்டும், கண்ணின் ஏழு படலங்களையும் மூன்று நீர்மங்களையும் நோய்களையும் அறிந்தவரையே அனுமதிக்க வேண்டும் என்கிறது. தெருத்தெருவாய்த் திரியும் கண் வைத்தியர்களை நம்பலாகாது என்றும் எச்சரிக்கிறது. முதுமையில் பார்வை இழந்த அபூபக்ர் ராஸீ (இறப்பு 925), தமக்கு அறுவை செய்ய வந்தவரிடம் கண்ணுக்கு எத்தனை படலம் என்று கேட்டு, விடை வராததால் திருப்பி அனுப்பிவிட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையாயினும் அக்காலத்தாரின் எதிர்பார்ப்பை அது காட்டுகிறது. அத்தேர்வை இன்று மருத்துவக் கல்வியும் பதிவும் செய்கின்றன. 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும், 1976-இல் தொடங்கிய மதுரை அரவிந்தும் உள்ள நிலத்தில் வாழ்கிறோம். பெரிய கண் மருத்துவமனைகளில் இமைக்கும் கண் குழிக்குமெனத் தனிப் பிரிவு உண்டு என்பதைப் பலர் அறியார். கண்ணாடிக்கு எண் பார்க்கும் இடத்தோடு நின்றுவிடுகின்றனர். அங்கே பார்வையையும், நிறமறியும் திறனையும், விழி அசைவையும் சோதித்து, முன்தள்ளலை மில்லிமீட்டரில் அளந்து, தேவைக்கேற்ப இரத்தப் பரிசோதனையும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுப்பர். திசுவெடுத்துச் சோதிக்கச் சொன்னால், கத்தி பட்டால் பரவிவிடும் என்று அஞ்சி ஓடுவது வழக்கமாகியிருக்கிறது. எதை, எவ்வாறு எடுப்பது என்பதை ஸ்கேனைப் பார்த்தே முடிவு செய்கின்றனர். பெயர் தெரியாத நோய்க்கு மருந்து கேட்பதே பெரிய இடர்.

பெண்களின் நோய் காலந்தாழ்ந்து வெளிப்படுவதற்கு முகத்திரையும் நாணமும் காரணமாகின்றன. பெண் மருத்துவர் எளிதில் கிடைத்தால் அவரை முற்படுத்துவது முறை. கிடைக்காதபோது தேவையான அளவு ஆண் மருத்துவர் பார்ப்பதை நான்கு மத்ஹபினரும் அனுமதித்துள்ளனர். ருபய்யிஃ (ரலி) அவர்கள் போர்க்களத்தில் காயமுற்ற ஆண்களுக்குச் சிகிச்சை செய்ததை புகாரீயில் காண்கிறோம். மனைவியின் கண் வீக்கத்தை ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டு, அடுத்த விடுப்பில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லும் வளைகுடாக் கணவர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

இறுதியாக வணக்கங்கள். கண் சிகிச்சைக்காக மல்லாந்து படுத்தே தொழ வேண்டிய நிலை பற்றி நம் முன்னோர் விரிவாகவே பேசியுள்ளனர். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பார்வை மங்கியபோது அத்தகைய சிகிச்சையை ஏற்கவில்லை என்ற செய்தியை ஒரு சாரார் ஆதாரமாகக் கொண்டனர். இமாம் நவவீ (இறப்பு 1277) 'ரவ்ளா'வில் தரும் தீர்ப்பு வேறு: நிற்க வல்லவரேயாயினும், படுத்துத் தொழுதால்தான் கண்ணுக்கு மருத்துவம் செய்ய முடியும், இல்லையேல் குருடாகும் அச்சம் உண்டு என்று நம்பிக்கைக்குரிய மருத்துவர் கூறினால், படுத்துத் தொழுவது கூடும் என்பதே மிகச் சரியானது. ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா (இறப்பு 1223) இதற்கு அழகிய சான்று காட்டுகிறார். வலப்பக்கம் சிராய்த்தபோது நபியவர்கள் அமர்ந்து தொழுதார்கள். நிற்கவே இயலாத நிலை அன்று அது, சிரமமோ தீங்கின் அச்சமோதான் இருந்திருக்க வேண்டும் என்கிறார். ஸுஜூதில் தலை தாழ்வதால் கண்ணின் அழுத்தம் மிகுமென மருத்துவர் தடுத்தால் சைகையால் ஸுஜூது செய்வதும் இவ்வாறே. அறுவைக்குப் பின் கட்டு இருக்குமாயின், ஹனஃபீக்கள் அதன்மீது மஸ்ஹு செய்தால் போதும். ஷாஃபிஈக்கள் நலமான பகுதியைக் கழுவி, கட்டின்மீது மஸ்ஹு செய்து, தயம்மும் சேர்த்துக்கொள்வர்.

ரமளானில் சொட்டு மருந்தை நிறுத்திவிடுவோர் பலர். கண் என்பது உள்ளே செல்லும் திறந்த வழியன்று என்ற அடிப்படையில், தொண்டையில் சுவை தெரிந்தாலும் நோன்பு முறியாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் சட்டம். தமிழகத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் இவ்விரண்டில் ஒன்றையே பின்பற்றுகின்றனர். மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளில் மருந்து தொண்டையை அடைந்தால் முறியும். அவர்கள் மருத்துவர் ஒப்பினால் இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒப்பாவிடில் நோயாளிக்குரிய சலுகையின்படி மருந்தைத் தொடர்ந்து, நோன்பைப் பின்னர் களா செய்யலாம். மணிக்கொரு முறை விட வேண்டிய சொட்டை மஃரிப் வரை ஒத்திவைக்குமாறு எந்த மத்ஹபும் சொல்லவில்லை.